நாலு சாக்கு, ஒரு காந்தம், ஒரு வாளித் தண்ணீர்

மாநகராட்சி குப்பை வண்டி நம்மிடம் முக்கியமாகக் கேட்பது இரண்டு பிரிவு. பச்சைக் கூடையில் மக்கும் குப்பை, நீலக் கூடையில் மக்காத குப்பை. அதை ஒழுங்காகச் செய்தாலே பெரிய விஷயம்தான். ஆனால் நீலக் கூடையில் நாம் ஒன்றாகக் கொட்டுவதைப் பழைய இரும்புக் கடைக்காரர் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அவருக்கு அது இருபது சரக்கு. செய்தித்தாள் வேறு, பள்ளி நோட்டு வேறு, அட்டைப்பெட்டி வேறு. தண்ணீர் பாட்டில் வேறு, அந்த பாட்டிலின் மூடி வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி மூட்டை, தனி விலை, வாங்கிப் போக தனி ஆள். வீட்டில் எப்படிப் பிரிப்பது என்று யோசிப்பவர்கள் இணையத்தில் வண்ணவண்ணக் கூடைகளைத் தேடுவதற்கு முன்னால் அந்தக் கடை வாசலில் அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். மதுரையில் எங்கள் பகுதிக் கடையில் அப்படி நின்ற பிறகுதான் வீட்டில் இந்த ஏற்பாட்டைச் செய்தேன்.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 25 கிலோ அரிசிச் சாக்கு நான்கு, கொஞ்சம் கட்டுக்கம்பி, ஓடாத ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று. பின்கட்டில் துணி துவைக்கும் இடத்துக்கு மேலே ஏற்கெனவே ஒரு இரும்புக் கம்பி இருந்தது. சாக்கின் வாயை வெளிப்பக்கமாக நாலு விரல் அகலத்துக்கு மடித்து, மடிப்பில் இரண்டு பக்கமும் ஆணியால் துளையிட்டு, கட்டுக்கம்பியைக் கொக்கியாக வளைத்துத் தொங்கவிட்டேன். மடிக்காமல் துளையிட்டால் கனம் ஏறியதும் இழை பிரிந்து கிழிந்துவிடும். சாக்கின் அடி தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். எறும்புக்கும் எலிக்கும் அந்த ஒரு சாண் முக்கியம். நெய்த சாக்கு என்பதால் காற்று போகும், உள்ளே மிச்ச ஈரம் இருந்தாலும் புழுங்காது. இந்த விஷயத்தில் கடையில் விற்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டியைவிட அரிசிச் சாக்கு எவ்வளவோ மேல்.

ஒரு சாக்கு தண்ணீர், ஜூஸ் பாட்டில்களுக்கு. ஒன்று கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு. ஒன்று கவருக்கு. இன்னொன்று இரும்பு, அலுமினியத்துக்கு. பேப்பரைச் சாக்கில் போடவில்லை. அது வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில், ஒரு அட்டைப்பெட்டியில். பின்கட்டின் ஈரக்காற்று பேப்பருக்கு ஆகாது. கண்ணாடிக்கு ஓட்டை விழுந்த ஒரு வாளி.

பிரிப்பதைவிட முக்கியமானது காய வைப்பது. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று தேய்த்துக் கழுவ வேண்டியதே இல்லை. தொழிற்சாலையில் எப்படியும் சூடான தண்ணீரில் கழுவப்போகிறார்கள். நாம் கழுவுவது இடைப்பட்ட நாட்களில் நாறாமல் இருக்க, ஈ மொய்க்காமல் இருக்க, பக்கத்தில் இருக்கும் பேப்பரைக் கெடுக்காமல் இருக்க. பாத்திரம் கழுவும்போது கடைசியாக அலசிய தண்ணீரே போதும். தண்ணீர் லாரி வரும் தெருவில் இருந்துகொண்டு தயிர் டப்பாவுக்கு ஒரு வாளி செலவழிப்பது நியாயமில்லை. ஆனால் காய்ந்துதான் சாக்குக்குள் போக வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பால் கவரை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக்கு ஆவின் பச்சை. வெட்டும்போதே ஒரு சங்கதி இருக்கிறது: மூலையை முழுசாக நறுக்கி எறியக் கூடாது. ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். அந்தக் குட்டி முக்கோணத்தை எந்த ஊரிலும் எந்தக் கடைக்காரரும் பொறுக்கி எடுக்கப்போவதில்லை, அது நேரே சாக்கடைக்குத்தான். பாலை ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பாலிலேயே ஊற்றிவிடுவார் என் மனைவி. (எங்கள் அத்தை வீட்டில் இதற்குப் பெயர் சிக்கனம்.) பிறகு அடிப்பக்கத்தையும் வெட்டி ஒரே தாளாக விரித்து, அலசிய தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, சிங்க்குக்கு மேலே உள்ள டைல்ஸ் சுவரில் அறைந்தால் ஒட்டிக்கொள்ளும். கொடி வேண்டாம், கிளிப் வேண்டாம். காய்ந்ததும் தானாக விழுந்துவிடும். விழுந்தது என்றால் சாக்குக்குத் தயார். மழைக்காலத்தில் மட்டும் ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்படிக் காய வைத்த பால் கவருக்கு இரும்புக் கடையில் நல்ல மரியாதை உண்டு. காரணம் அது பாலிஎத்திலீன் மட்டுமே. பளபளப்பு அடுக்கு இல்லை, உள்ளே அலுமினியம் இல்லை. கடையிலிருந்து இது பெரிய குடோனுக்குப் போகும். அங்கே பெண்கள் உட்கார்ந்து கவர்களைத் தரம் பிரிக்கிறார்கள். பிறகு வெட்டு இயந்திரம், கழுவும் தொட்டி, உலர்த்தி. அதற்கப்புறம் உருக்கி, சல்லடை போன்ற ஒரு தட்டின் வழியே இடியாப்பம் மாதிரி இழையாகத் தள்ளி, தண்ணீர்த் தொட்டியில் இறுக வைத்து, சின்னச்சின்ன மணிகளாக நறுக்குகிறார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு மையெல்லாம் கலந்து அழுக்கு நிறம் வந்துவிடுவதால் பெரும்பாலும் கரியைக் கலந்து கறுப்பாக்கிவிடுவது வழக்கம். நர்சரியில் மரக்கன்று வைத்திருக்கும் கறுப்புப் பை, தோட்டத்துக் கறுப்புக் குழாய் இவையெல்லாம் இந்த வழியில் வருபவைதான். பால் கவர் மறுபடி பால் கவர் ஆவதில்லை.

கெட்டிப் பிளாஸ்டிக்கில்தான் குழப்பம் அதிகம். அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும் எண் இருக்கும்: 1 பெட் (PET, தண்ணீர் பாட்டில்), 2 எச்டிபிஇ (HDPE, ஷாம்பு பாட்டில்), 3 பிவிசி (PVC), 4 எல்டிபிஇ (LDPE, பால் கவர்), 5 பிபி (PP, பாலிப்ரொப்பிலீன்), 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. பாதிப் பொருட்களில் எண் தேய்ந்திருக்கும், மீதியில் அச்சே இருக்காது. அங்கேதான் வாளித் தண்ணீர் வேலைக்கு வருகிறது. சந்தேகமான டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவி (இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும்) வாளியில் விட வேண்டும். எச்டிபிஇயும் பிபியும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பெட், பிவிசி, பாலிஸ்டைரீன் மூன்றும் முழுகும். முழுகியதை எடுத்து, கல்லுப்பு கரையுமட்டும் கரைத்த தண்ணீரில் விட்டால் பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும். பெட்டும் பிவிசியும் அப்போதும் அடியிலேயே கிடக்கும்.

தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் ஒரே வாளியில் போட்டுப் பாருங்கள். பாட்டில் துண்டு நேரே அடிக்கு, மூடி மேலே. தொழிற்சாலையிலும் இதே கணக்குத்தான், தொட்டி மட்டும் பெரிது. பாட்டில்களைச் செதில் செதிலாக நறுக்கித் தொட்டியில் கொட்டினால் மூடியும் கழுத்து வளையமும் மேலே மிதந்து ஒரு பக்கம் ஒதுங்கும், பெட் அடியில் தங்கும். அதனால் கழுத்து வளையத்தைக் கத்தி வைத்துக் குடைந்து எடுக்க வேண்டியதில்லை. கையைக் கிழித்துக்கொள்வதுதான் மிச்சம்.

இந்த வளைய விவகாரத்தைக் கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "வளையத்த விடுங்க தம்பி, அதப் பார்த்துக்குவாங்க. மூடியத் தொறந்து விடுங்க, அது போதும்" என்றார். மூடி இறுக்கியிருந்தால் காற்று உள்ளேயே நின்று, அழுத்திப் பெரிய கட்டாக (பேல்) கட்டும்போது பாட்டில் நசுங்காது. லாரியில் காற்றையா ஏற்றிப் போவது? இப்போதெல்லாம் மூடியைக் கழற்றி, பாட்டிலை மிதித்து நசுக்கி, மூடியைக் கெட்டிப் பிளாஸ்டிக் சாக்கில் போடுகிறோம். இடமும் பாதியாகக் குறைந்தது. வேறு ஊர்களில் மூடியோடு கேட்கும் கடைகளும் உண்டு. நம் கடைக்காரர் எப்படி வாங்குகிறாரோ அப்படி.

பெட்டோடு பிவிசி கலப்பதுதான் தொழிற்சாலைக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி, தொட்டியில் பிரியாது. பெட் உருக 250 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி கருகி, அமில வாயுவை விட்டு, கரும்புள்ளிகளாக மாறி மொத்தச் சரக்கையும் கெடுக்கும். சில பாட்டில்களில் உடம்பு முழுக்க சட்டை போட்டதுபோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும் அச்சிட்ட உறை இருக்கிறதே, அது பிவிசியாக இருக்கலாம். பிளேடால் ஒரு கோடு இழுத்தால் உரிந்து வந்துவிடும். எனவே அந்த உறையை மட்டும் கட்டாயம் உரிக்கிறேன். சாதாரணத் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. பாட்டிலே பிவிசியா என்று சந்தேகம் வந்தால் கவிழ்த்து அடியைப் பார்க்கலாம். பெட் பாட்டிலின் அடியில் நட்டநடுவே ஒரு புள்ளி, தொப்புள் மாதிரி. பிவிசி பாட்டிலின் அடியில் குறுக்கே ஒரு கோடு ஓடும். ஷாம்பு பாட்டில் மாதிரியான எச்டிபிஇயிலும் கோடுதான், ஆனால் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்காது.

கழுவிய பெட் செதில் பெரும்பாலும் நூலாகிறது. காஸ்டிக் சோடா கலந்த கொதிநீரில் பசையும் அழுக்கும் போக அலசி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, உருக்கி, நுண்துளைகள் வழியே இழுத்தால் பாலியஸ்டர் இழை. தலையணைக்குள் இருக்கும் பஞ்சு இதுவாக இருக்கலாம், போட்டிருக்கும் டிஷர்ட்டும் இதுவாக இருக்கலாம். கரூரில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்குப் போட்டுவந்த வெளிர்நீல மேல்சட்டையின் துணி அங்கே பாட்டிலிலிருந்து வந்ததுதான். பாராட்ட வேண்டிய தொழில். ஆனால் பாட்டில் துணியானால் அடுத்த சுற்றுக்குத் திரும்புவது கஷ்டம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணியில் பருத்தி, எலாஸ்டிக், சாயம் எல்லாம் கலந்துவிடுகிறது.

ஷாம்பு, சோப்பு எண்ணெய், தரை துடைக்கும் திரவம் வரும் பாட்டில்களில் பல எச்டிபிஇ. கடைக்கு நல்ல சரக்கு. குடம், வாளி, குழாய் என்று மறுபடி கெட்டிப் பொருளாகவே வரும். இதில் பம்ப் வைத்த பாட்டில்களைக் கவனிக்க வேண்டும். அமுக்கினால் திரும்ப மேலே வருகிறதல்லவா, உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், எஃகு. ஒரு பம்பைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தாறு வகைப் பாகம், உள்ளே ஒரு குட்டிக் குண்டு வேறு. வெட்டு இயந்திரத்தின் பிளேடுக்கு எஃகு எதிரி. பம்பைக் கழற்றித் தனியே வைத்து, அதே திரவத்தை பாக்கெட்டில் வாங்கி நிரப்பிக்கொள்ளும் இன்னொரு பாட்டிலுக்குப் பயன்படுத்துகிறோம். உடைந்தால் குப்பை வண்டிக்கு.

எண்ணெய் பாட்டிலுக்குத் தனி வைத்தியம். நல்லெண்ணெய் பாட்டிலை ஒரு ராத்திரி வாணலியில் கவிழ்த்து வைத்தால் ஒரு தாளிப்புக்குக் காணும் எண்ணெய் இறங்கும். மிச்சப் பிசுக்குக்கு ஒரு ஸ்பூன் சீயக்காய்த் தூளும் கொஞ்சம் வெந்நீரும் போட்டுக் குலுக்கினால் விட்டுவிடும். எண்ணெய் பாக்கெட்டை இப்படிச் சுத்தம் செய்ய முயல்வது வீண், அது பல அடுக்குப் பிளாஸ்டிக்.

பல அடுக்கு என்றால் சிப்ஸ் பை, பிஸ்கட் உறை, மசாலா பாக்கெட், ஷாம்பு சாஷே. கையில் கசக்கிப் பாருங்கள். கசக்கிய உருவிலேயே நின்றால் அலுமினியத் தாள், கையை எடுத்ததும் படபடவென்று விரிந்தால் உலோகப்பூச்சுப் பிளாஸ்டிக். முன்னது இரும்புச் சாக்குக்கு. பின்னதை எங்கள் கடை எடுப்பதில்லை, பெரும்பாலான கடைகளும் எடுப்பதில்லை. இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கை ஒட்டி, நடுவே அலுமினிய ஆவி பூசியதை எந்த வாளித் தண்ணீரும் பிரிக்காது. நாம் கழுவிக் காய வைத்துக் கொடுத்தாலும் அது உருகி வேறொரு டப்பாவாக வரப்போவதில்லை.

இவற்றுக்கு இரண்டு போக்கிடம் உண்டு. ஒன்று சிமென்ட் ஆலை. குப்பையைத் தரம் பிரிக்கும் வள மீட்பு மையத்தில் விற்க முடியாமல் மிஞ்சும் மக்காத குப்பையை, அரியலூர் மாதிரியான இடங்களில் உள்ள ஆலைகளுக்கு நிலக்கரிக்குப் பதில் எரிபொருளாக அனுப்புகிறார்கள். சூளைக்குள் சுண்ணாம்புக்கல் கலவை 1450 டிகிரி வரை சூடாகிறது, சாம்பலும் கிளிங்கரிலேயே (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) கலந்துவிடுகிறது. இதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிப்பது எரிப்பதுதான். ஆனால் தெருமுனையில் கொளுத்துவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

இன்னொன்று சாலை. இது எங்கள் ஊர்ச் சரக்கு என்பதால் கொஞ்சம் பெருமையோடே சொல்கிறேன். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்டுபிடித்த முறை. 2002இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதலில் போட்டுப் பார்த்தார்கள், 2006இல் காப்புரிமை கிடைத்தது, 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ. தாரில் பிளாஸ்டிக்கைக் கரைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அரை நிமிடத்தில் அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாகப் படிகிறது. அதற்குப் பிறகுதான் தார். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புக வழியில்லாமல் போவதால் மழைக்குப் பிறகு ஜல்லி பெயர்வது குறைகிறது. 3.75 மீட்டர் அகலச் சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் என்பது கணக்கு. பிவிசிக்கு மட்டும் இங்கேயும் அனுமதி இல்லை. காரணம் பழைய காரணமேதான், சூட்டில் அமில வாயு.

மண்ணும் ஈரமும் இல்லாத மெல்லிய உறைகள் கிடைத்தால்தான் இந்த முறை நடக்கும். சாம்பார் பொட்டலத்தோடு முடிச்சுப் போட்டு எறிந்த பை அந்த வெட்டு இயந்திரத்துக்கு வந்து சேராது. அது போவது அவனியாபுரத்துக்கு அப்பால் உள்ள வெள்ளக்கல் கிடங்குக்கு. அதனால் சிப்ஸ் பைகளையும் உதறிக் காய வைத்து, ஒரு பெரிய பையில் அடைத்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கிறோம்.

பேப்பர் சுலபம் என்று நினைப்போம். உண்மையில் நிறைய பேப்பர் பேப்பரே இல்லை. தேநீர்க் கடைக் காகிதக் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று, ஆனாலும் எங்கும் கிடைக்கிறது. கடை பில் பெரும்பாலும் வெப்பத் தாள். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும், வேதிப்பொருள் பூசியது. அதைப் பேப்பர் கட்டில் சேர்க்கக் கூடாது. பஜ்ஜி மடித்த தாளின் எண்ணெய் காகிதக் கூழில் பிரியாது, ஆகவே அது மக்கும் குப்பைக்கு. கல்யாணப் பத்திரிகை இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் தலைவன். பளபளப்புப் பிளாஸ்டிக் பூச்சு, தங்க நிறத் தகடு, வெல்வெட், நடுவே கல் பதித்த பிள்ளையார். மூலையைக் கிழித்துப் பார்ப்பது என் வழி. கிழியும்போது நாரோடு நாராகப் பிரிந்தால் பேப்பர், மேலே ஒரு மெல்லிய தோல் இழுபட்டு நின்றால் இல்லை. உள்ளே வைத்திருக்கும் சாதாரணத் தாளையும் மஞ்சள் தடவிய உறையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குகிறோம்.

ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆலையில் பேப்பரைத் தண்ணீரோடு சேர்த்துப் பெரிய மிக்ஸி போன்ற தொட்டியில் கலக்குகிறார்கள். பின் கனத்தால் அடியில் ஒதுங்கும், சல்லடையிலும் மாட்டும். நோட்டின் சுருள் கம்பியையும் பிளாஸ்டிக் அட்டையையும் உருவினால் போதும். அட்டைப்பெட்டியின் டேப்பை முடிந்தவரை உரித்து, பெட்டியைத் தட்டையாக்கிக் கட்ட வேண்டும். செய்தித்தாளும் நோட்டும் அட்டையும் தனித்தனிக் கட்டாக இருந்தால் மூன்றுக்கும் வேறு வேறு விலை கிடைக்கும். கலந்து கொடுத்தால் குறைந்த விலைதான்.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதற்குப் பேர்போனது. அங்கேயே நாளொன்றுக்கு 300 டன் அளவுக்குப் பழைய காகிதத்திலிருந்து மை நீக்கிக் கூழ் எடுக்கும் பிரிவும் இருக்கிறது. மை நீக்குவது சோப்பும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. கூழில் சோப்பு சேர்த்து அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டால், மை குமிழியில் ஒட்டி நுரையாக மேலே வரும், வழித்து எடுத்துவிடுவார்கள். பழுப்பு அட்டைக்கு மை நீக்குவதுகூட இல்லை, கலக்கி, சலித்து, மறுபடி பழுப்பு அட்டை. ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிக்கொண்டே வரும். ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் தாங்காது, புது நாரைக் கலந்தால்தான் தாளாக நிற்கும்.

ஜூஸ் வரும் அட்டைப் பொட்டி, முக்கால் பங்கு காகிதம், மீதி பாலிஎத்திலீனும் அலுமினியமும். அதைக் கரைத்து நாரைத் தனியே எடுக்கும் ஆலைகள் உண்டு, மிஞ்சும் பிளாஸ்டிக்-அலுமினியத்தை அழுத்திக் கூரைத் தகடும் பலகையும் செய்கிறார்கள். ஆனால் தெருக்கடை அதைக் கையில் வாங்குவதில்லை. வெட்டி விரித்து அலசி, சிப்ஸ் பையோடு சேர்த்துவிடுகிறேன்.

இரும்பு, அலுமினியத்தில் சொல்ல அதிகம் இல்லை. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ, பித்தளையோ, செம்போ, நல்ல எவர்சில்வரோ, எடையையும் நிறத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே பிரித்துக் கொடுத்தால் கையில் நேரடியாகக் காசு. அலுமினியம் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போகும், தகரத்தோடு கலந்து போட்டால் தகர விலை. பழைய குக்கரின் கறுப்புக் கைப்பிடி, ரப்பர் வளையம், விசில் எல்லாவற்றையும் ஸ்குரூடிரைவரால் கழற்றிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால் தராசில் பேரம் இல்லை. பார்சல் அலுமினியத் தாளைத் துடைத்து, உருண்டையாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே வருகிறோம். உதிரியாகப் போட்டால் குடோனில் காற்றில் பறந்துவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் பழையதை உருக்க ஆகிறது. அதுதான் அந்த விலைக்குக் காரணம். வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யக் கூடாது. அந்தப் புகை பிவிசிப் புகை. வயரோடு கொடுத்தாலே எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணாடிக்கு விலை மிகக் குறைவு, சில கடைகள் வாங்குவதே இல்லை. கனம், உடையும், லாரி வாடகைக்குக் கட்டாது. முழு பாட்டிலாக இருந்தால்தான் மதிப்பு, கழுவி மறுபடி நிரப்பலாம். டாஸ்மாக் பாட்டிலுக்கு பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் தரும் திட்டம், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. காட்டில் யானையும் மாடும் மிதித்த உடைசல்கள்தான் அந்த வழக்கின் பின்னணி. ஊறுகாய் பாட்டிலுக்கு அப்படி ஒரு திட்டம் வந்தால் நன்றாக இருக்கும். இப்போதைக்கு அது புளியும் கடுகும் வைக்கும் பாட்டிலாகிறது. பீங்கான் கோப்பை, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் இவற்றைப் பாட்டிலோடு கலக்கக் கூடாது. பாட்டில் உருகும் சூட்டில் பீங்கானும் அடுப்புப் பாத்திரமும் அதே மாதிரி உருகாது, புது பாட்டிலில் கல்போல் நிற்கும்.

உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி மூன்றும் நேரே ஒருவர் கைக்குப் போய்ச் சேருபவை. குடோனில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பெரும்பாலும் கையுறை இல்லாமல்தான் அளைகிறார்கள். என் பிரிப்பு முறையில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்: பிளேடும் ஊசியும் மூடி இறுகும் ஒரு தகர டப்பாவில். கண்ணாடித் துண்டுகள் பழைய பேப்பரில் பல சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் "கண்ணாடி" என்று எழுதி, வண்டிக்காரர் கையில் சொல்லிக் கொடுப்பது. நாப்கினும் டயப்பரும் பேப்பரில் சுற்றி அடையாளம் போட்டுத் தனியாக. எல்இடி அல்லாத பழைய வகை டியூப் லைட்டிலும் சுருள் பல்பிலும் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் அட்டை உறையிலேயே வைத்துத் தனியாக. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்தைத் தெருவில் உருக்குகிறவர்களிடம் அதைக் கொடுக்கவே கூடாது.

கடைக்கு எடுத்துப் போகும்போது ஒவ்வொரு சாக்கையும் தனித்தனியே எடை போடச் சொல்வது நல்லது. மின்தராசில் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறும், மழைக்காலத்தில் பேப்பர் விலை இறங்குவதும் உண்டு. "ஈரப் பேப்பருக்கு எடைல கழிச்சிருவேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்வார். எங்கள் கட்டைக் கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு அப்படியே தராசில் வைக்கிறார். வருகிற காசு பெரிதில்லை, மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடலாம்.

இன்னும் வழி கிடைக்காமல் இருப்பவை சில: மாத்திரை அட்டை (பிவிசியும் அலுமினியமும் ஒட்டியது), பற்பசைக் குழாய், பல் துலக்கும் பிரஷ், தெர்மோகோல். மாத்திரை அட்டைகளைத் தனி டப்பாவில் சேர்க்கிறேன், எடுக்கும் இடம் தெரிந்தவர்கள் சொன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். தெர்மோகோலை உடைத்தால் மணிமணியாகப் பறக்கும் என்பதால் உடைக்காமல் முழுசாக வண்டியில் ஏற்றிவிடுகிறோம். அடுத்த வேலை சாக்குக் கம்பிக்கு மேலே ஒரு தகரம் போடுவது. ஐப்பசி மழை சாரலாக அடிக்கும்போது கவர் சாக்கின் வாயில் தண்ணீர் தேங்குகிறது, தேங்கினால் கொசு. அதுவரை மூன்று பக்கம் கிழித்த உரச்சாக்கு ஒன்றைப் படுதாவாகக் கட்டியிருக்கிறேன்.